ஏல, என்னைத் தெரியுதா?

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். தென்காசிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப்பள்ளியில் 1982-ல் பிளஸ் டூ முடித்தவர்களின் வாட்ஸ்அப் குரூப்புக்கு நான் அட்மின். பழைய வகுப்புத் தோழர்களின் சந்திப்பு என்று இதுவரை மூன்று நடத்தியிருக்கிறேன். முதலாவதில் இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். இரண்டாவதில் வசூலுக்கும் செலவுக்கும் இன்னும் கணக்கு இடிக்கிறது. மூன்றாவது 2025 ஆனியில், சீசன் நேரத்தில், குற்றாலத்தில் நடந்தது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். ஆக, இந்த விஷயத்தில் யோசனை சொல்ல என்னை விட்டால் ஆளில்லை.

எப்போது கூடுவது? எங்கள் செட்டுக்கு அதை அரசாங்கமும் பஞ்சாங்கமும் சேர்ந்து முடிவு செய்தன. தமிழ்நாடு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58 ஆக இருந்தது. 2020-ல் 59 ஆக்கினார்கள், மறு வருஷமே 60. அதனால் 2023-ல் வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவர்கள் 2025 வரை ஆபீஸ் நாற்காலியிலேயே இருந்தார்கள். வந்ததும் மொத்தமாக வந்தார்கள். எங்களில் ஏழு பேர் ஒரே நாளில், மே 31 அன்று, மாலை வாங்கினோம். இதற்குக் காரணம் அரசாங்கம் அல்ல, எங்களை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த ஹெட்மாஸ்டர்கள். வலது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது. பிறந்த தேதி என்ற சில்லறை விஷயத்துக்காக வயலிலிருந்து அப்பாவைக் கூப்பிட மாட்டார்கள். ஜூனில் ஐந்து நிறைந்திருக்கிற மாதிரி மே மாதத்தில் ஏதோ ஒரு நாளைப் போட்டு, மையை ஒற்றி மூடிவிடுவார்கள். அந்த மை ஐம்பத்தைந்து வருஷம் கழித்து எங்கள் ஏழு பேரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது.

ஜாதகக்காரர்கள் வேறு கட்சி. அவர்கள் பிறந்தது விசுவாவசு வருஷம். அறுபது வருஷச் சுற்று முடிந்து 2025 சித்திரையில் அதே விசுவாவசு திரும்பி வந்தது. அதனால் மீதிப் பேர் திருக்கடையூரில் மறுபடியும் மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்தார்கள். சென்ட்ஆஃபுக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டுபிடிப்பதுதான் அட்மினின் முதல் சாமர்த்தியம்.

இரண்டாவது, ஆள் பிடிப்பது. ஆண்களைப் பிடிப்பது சுலபம். ஊர் டீக்கடையில் பெயரைச் சொன்னால் நம்பர் கிடைத்துவிடும். சிக்கல் அந்தப் பெயரில்தான். எங்கள் வகுப்பில் நாலு சண்முகம், மூணு இசக்கி. என் போனில் இன்றைக்கும் 'சண்முகம் ஈபி', 'சண்முகம் பேங்க்', 'சண்முகம் மிலிட்டரி' என்றுதான் இருக்கிறார்கள். நாலாவது ஆளைப் பற்றிச் சொல்லிக்கொள்ள எதுவும் அகப்படாததால் 'சண்முகம் 2'. அவன் என் போனை ஒருநாள் வாங்கிப் பார்த்துவிட்டான். அந்தக் கோபம்தான் மேலே சொன்ன முதல் சந்திப்பில் வெடித்தது. நம்பர் பதியும்போது யோசித்துப் பதியுங்கள்.

பெண்களைத் தேடுவது துப்பறியும் வேலை. எங்களோடு பதினோரு பேர் படித்தார்கள். வருகைப் பதிவேட்டில் இருந்தது அப்பாவின் இனிஷியல். கல்யாணத்துக்குப் பிறகு அது கணவருடையது ஆகிவிட்டது, ஊரும் மாறிவிட்டது. ஏ. லட்சுமி என்று தேடினால் எந்தக் காலத்திலும் கிடைக்க மாட்டார். அவர் எங்கோ தூத்துக்குடியில் கே. லட்சுமியாக இருப்பார். ஒரே வழி அவருடைய அண்ணனைப் பிடிப்பது. "உங்க தங்கச்சி நம்பர் வேணும்" என்று அறுபது வயதில், தலையில் முடியில்லாமல், கையில் காய்கறிப் பையோடு போய்க் கேட்டுப் பாருங்கள். 1982-ல் பார்த்த அதே பார்வையைப் பார்ப்பார். பதினொன்றில் நாலு பேரைத்தான் எங்களால் சேர்க்க முடிந்தது.

இதற்கிடையில் யார் வகுப்புத் தோழர் என்று ஒரு வரையறை வேண்டும். நாங்கள் பிளஸ் டூ வந்து மூன்றாவது செட். அதுவரை வந்து சேர்ந்தது கொஞ்சம் பேர்தான். ஐந்தாம் வகுப்புவரை என் பக்கத்தில் இருந்து எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டியவள் எட்டாவதோடு பீடி சுற்ற உட்கார்ந்துவிட்டாள். இன்றைக்கும் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருதான். பத்தாவதில் தவறியவர்கள் இருக்கிறார்கள், லாரியில் கிளீனராக ஏறிப் போனவர்கள் இருக்கிறார்கள். இவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று குரூப்பில் விவாதத்துக்கு விட்டால் குரூப் உடையும் என்பதால், "பிளஸ் டூ முடித்தவர்கள் மட்டும்" என்று எழுதி மேலே பின் செய்துவிட்டேன். அட்மின்களுக்கு என் தொழில் ரகசியம் இது. நமக்கே சரியாகப் படாத முடிவை ஒரே வரியில் எழுத வேண்டும்.

குரூப் நிர்வாகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரசியல், சாதி, மதம் கூடாது என்று முதல் நாள் விதி போடுவோம். இரண்டாம் நாள் சாயங்காலம் அது போய்விடும். காலை வணக்கப் படங்களைத் தடுக்க முயலாதீர்கள். ஓய்வு பெற்றவனுக்கு ஒரு நாளில் கையெழுத்துப் போட மிஞ்சியிருக்கிற ஒரே இடம் அதுதான். ஒன்று மட்டும் கவனம். இறந்துபோனவர்களின் நம்பரை அவசரப்பட்டு நீக்காதீர்கள். என் பெஞ்சில் பக்கத்தில் இருந்தவன் 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் போய்விட்டான். நீக்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்த மறு வாரம் அந்த நம்பரிலிருந்தே ஒரு காலை வணக்கம் வந்தது. செம்பருத்திப் படம். அவன் மனைவி அனுப்பியிருக்கிறார். இன்றுவரை வருகிறது. நாங்களும் பதில் வணக்கம் போடுகிறோம்.

இப்போது நேரில் சந்திக்கும் கட்டம். வாசலிலேயே ஒரு பரீட்சை காத்திருக்கும். முழு மொட்டையும் வெள்ளை மீசையுமாக ஒருவர் உங்கள் தோளைப் பிடித்து உலுக்கி, "ஏல, என்னைத் தெரியுதா?" என்பார். தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் அப்படிச் சொல்லக் கூடாது. "ஏல! ஆளு அப்படியே இருக்கியேல!" என்று கத்த வேண்டும். எந்த ஆளை முற்றிலும் அடையாளம் தெரியவில்லையோ அவனிடம்தான் இந்த வாக்கியம் மிகவும் பொருந்தும். பிறகு கட்டிப்பிடிக்க வேண்டும். கட்டிப்பிடித்திருக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, யோசிக்க அரை நிமிஷம் கிடைக்கும். அந்த அரை நிமிஷத்தில் துப்பு வாங்கும் கேள்வி ஒன்றைத் தயார் செய்யுங்கள். "வீடு அங்கயேதானா?" என்பது உத்தமமான கேள்வி. எல்லோருக்கும் ஏதோ ஒரு வீடு இருக்கும், 'அங்கே' என்பது எங்கே என்று அவனே சொல்வான். "அப்பா நல்லா இருக்காவளா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நாமே அறுபதைத் தொட்டவர்கள். நான் கேட்டேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு நானே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

இதில் இன்னொரு உபாயம் உண்டு. சந்திப்பைக் குற்றாலத்தில் வைத்தால் முதலில் எல்லோரையும் அருவிக்கு அனுப்பிவிடுங்கள். சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவர்கள் அத்தனை பேரும் முந்தின நாள்தான் தலைக்கு டை அடித்திருப்பார்கள். அருவி அதற்கெல்லாம் மரியாதை கொடுக்காது. ஐந்தருவியில் ஒரு சுற்று நின்று வந்தால் கழுத்தோரம் கறுப்பாக வழிந்து, ஆள் யாரென்று அவரவர் உண்மை வயதில் தெரிந்துவிடும்.

அடையாளம் தெரிந்த பிறகுதான் பெரிய சங்கடம். கூப்பிடுவது எப்படி? உங்களோடு கோலி விளையாடியவன் இன்று ஓய்வு பெற்ற செயற்பொறியாளர். அவன் பட்டப்பெயர் தவக்களை. அவனுடைய உண்மைப் பெயர் எனக்கு உடனே வராது, வந்தாலும் வாய் அதைச் சொல்ல மறுக்கும். அவனோ பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பேரன் முன்னால் தவக்களை என்றால் அந்த வீட்டில் ஒரு தலைமுறை மரியாதை போய்விடும். சார் என்றால் அவனுக்கே பிடிக்காது. "ஏல" என்று ஆரம்பித்து "வாங்க" என்று முடிப்பதுதான் நாங்கள் கண்டுபிடித்த வழி. "ஏல, வாங்க, உக்காருங்க." இலக்கணம் ஒத்துக்கொள்ளாது. நட்பும் உத்தியோகமும் ஒத்துக்கொள்ளும்.

நான் வருவாய்த் துறையில் கிளார்க்காகச் சேர்ந்து துணைத் தாசில்தாராக வெளியே வந்தவன். எங்கள் வகுப்பில் ஒருத்தன் பரீட்சை எழுதி எனக்கே மேலதிகாரியாக வந்தான். மூன்று வருஷம் அவனை "அய்யா" என்றேன். அவன் என்னை "நீங்க" என்றான். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் போன் செய்து, "என்னல பண்ணுத?" என்றான். அந்த "ல" கேட்ட மாதிரி எனக்கு என் பென்ஷன் உத்தரவுகூட இனிக்கவில்லை.

பெண்களிடம் இந்தச் சங்கடமே வேறு விதம். நாங்கள் படித்த காலத்தில் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் பேசிக்கொள்ள மாட்டோம். பெஞ்சு இந்தப் பக்கம், அந்தப் பக்கம். நடுவில் வாத்தியார் நடக்கிற பாதை. பேச்சுப் பழக்கமே இல்லாதபோது 'நீ'யா 'நீங்க'ளா என்று எதை வைத்து முடிவு செய்வது? வந்திருந்த நாலு பேரில் ஒருவரிடம் நான் மரியாதையாக, "காபி சாப்பிடுதியளா?" என்று கேட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ரெண்டு வருசம் ஒரே கிளாஸ்ல இருந்தோம். நீங்க எங்கிட்ட பேசுத மொத வார்த்த இதுதான்" என்றார். காபியை வாங்கிக்கொண்டார்.

'96' படம் 2018-ல் வந்ததிலிருந்து ஒரு தொந்தரவு கூடியிருக்கிறது. சந்திப்புக்கு வருகிற ஆண்களில் நாலில் ஒருவர் தன்னை விஜய் சேதுபதி என்று நினைத்துக்கொண்டு ஓரமாக நிற்கிறார். நிற்கட்டும். பந்தி போட்டதும் வந்துவிடுவார்.

சரி, என்ன பேசுவது? உத்தியோகத்தில் ஆரம்பிப்பார்கள். "இப்ப என்னல பண்ணுத?" என்ற கேள்விக்கு அறுபதில் "சும்மாதான் இருக்கேன்" என்பதுதான் பதில். ஆனால் யாரும் அதை அப்படியே விட மாட்டார்கள். சும்மா இருப்பதற்கு முன்னால் என்னவாக இருந்தேன், அதற்கும் முன்னால் யார் தலையெழுத்தெல்லாம் என் கையில் இருந்தது என்று இரண்டு இட்லி ஆறும்வரை விளக்குவார்கள். குறுக்கிடாதீர்கள். இந்தக் கூட்டத்தில் கேட்கத் தகுந்த கதை வைத்திருந்தவன் ஒருத்தன்தான். அவன் பாட்டுக்கு மூலையில் இருந்தான். 1990 ஆகஸ்டில் குவைத்துக்குள் ஈராக் படை புகுந்தபோது அங்கே ஒரு கடையில் வேலை பார்த்தவன். பாலைவனத்தில் பஸ், எல்லையில் கூடாரம், ஜோர்டானின் அம்மான் நகரம், அங்கிருந்து ஏர் இந்தியா விமானம். இப்படி ஏறக்குறைய ஒன்றே முக்கால் லட்சம் இந்தியர்கள் ஊர் திரும்பினார்களே, அதில் ஒருத்தன். கையில் என்னல கொண்டு வந்தே என்று கேட்டேன். "கடைச் சாவி" என்றான். முதலாளி திரும்பி வந்தால் கேட்பாரே என்று எடுத்து வந்தானாம். இன்னும் வைத்திருக்கிறான். பக்கத்தில் ஒருவர் தன் பதவி உயர்வு வழக்கைச் சொல்லிக்கொண்டிருந்ததால் அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

அடுத்து பிள்ளைகள். இதற்கு ஒரு சீட்டாட்ட ஒழுங்கு இருக்கிறது. ஒருவர் பெங்களூரை இறக்குவார். அடுத்தவர் சிங்கப்பூர். மூன்றாமவர் அவசரப்படாமல் மிக்சரைக் கொறித்துவிட்டு டாலஸை இறக்குவார். அதோடு ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. நாலாமவர், "எம் பையன் எங்கூடத்தான் இருக்கான், தோப்பைப் பாத்துக்கிடுதான்" என்பார். டாலஸ்காரர் முகத்தைப் பாருங்கள். ஆறு மாசம் விசாவில் போய், குளிரில் பேரனைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிவிட்டு வந்தவர் அவர். வீடியோ காலில் பேரன் 'தாத்தா' என்று சொல்ல மறுத்த அன்றைக்கு அவர் என்னிடம் ஒரு மணி நேரம் போனில் பேசினார். அதை இங்கே சொல்ல மாட்டார். நீங்களும் கேட்காதீர்கள். "பையனுக்கு இன்னும் வரன் அமையலையா?" என்ற கேள்வியையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கேட்டால், வருகிற பதில் "பாத்துக்கிட்டிருக்கோம்" என்பதாக இருக்கும். அந்த ஆள் பாதி நிகழ்ச்சியில் கிளம்பிவிடுவார். போகும்போது தண்ணீர் பாட்டிலைக்கூட எடுக்காமல் போவார்.

இந்த இடத்தில் ஒருவர் பையிலிருந்து மனை வரைபடத்தை எடுப்பார், இன்னொருவர் சத்துமாவு டப்பாவை எடுப்பார். எழுந்து போய் கை கழுவுங்கள்.

கடைசியாக எல்லாப் பேச்சும் போய்ச் சேருகிற துறைமுகம் சர்க்கரை. நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக எல்லோரும் சம அந்தஸ்தில் பேசுகிற விஷயம் இதுதான். வெறும் வயிற்றில் எவ்வளவு என்பதெல்லாம் ஆரம்பப் பள்ளி. இப்போது மூன்று மாதச் சராசரியைத்தான் கேட்கிறார்கள். "உனக்கு எவ்வளவுல?" "7.1." "பரவால்ல, எனக்கு 9.2." குரலைக் கேட்டால் மார்க் ஷீட் வாங்கிய அன்றைக்குப் பள்ளி வாசலில் நின்றது போலவே இருக்கும். 1200-க்கு எவ்வளவு என்று கேட்ட அதே வாய்கள். ஒரே வித்தியாசம், இதில் குறைவாக வாங்கியவன்தான் முதல் ரேங்க். கணக்கில் எப்போதும் எல்லைக்கோட்டில் தப்பித்தவன் இதில் 5.6 வாங்கி, எங்கள் எல்லோருக்கும் கருஞ்சீரகம் பற்றி வகுப்பெடுத்தான். பேசி முடித்து, இரண்டு கார் பிடித்து, எல்லோருமாகப் பிரானூர் பார்டருக்குப் போய்ப் புரோட்டாவும் கோழியும் தின்றோம். 5.6-ம் தின்றான்.

இது முந்தின நாள் ராத்திரிக் கதை. மறுநாள் மதியம்தான் முறையான நிகழ்ச்சி, இலைச் சாப்பாடு. அதற்கு முன்னால் பழைய வாத்தியாருக்கு மரியாதை செய்வது வழக்கம். சால்வை போடுங்கள், காலைத் தொடுங்கள், மாத்திரை நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவு எடுக்கச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள். இப்போது எல்லா ஊர்ச் சந்திப்பிலும் அதை ஒரு நிகழ்ச்சியாகவே வைக்கிறார்கள், வீடியோ எடுக்கிறார்கள். நாங்களும் வைத்தோம்.

வந்தவர் தமிழய்யா. வயது 84. "பிரசன்ட் சார்" என்று சொன்னால் அந்தக் காலத்தில் வெளியே நிறுத்துவார். "உள்ளேன் ஐயா" என்றுதான் சொல்ல வேண்டும். பதிவேட்டைத் திறந்தால் மூடும்வரை தலையைத் தூக்க மாட்டார். அது எனக்கு வசதியாக இருந்தது. என் பக்கத்தில் இருந்தவன் சந்தை நாட்களில் அப்பாவோடு காய்கறி மூட்டை தூக்கப் போய்விடுவான். அன்றைக்கெல்லாம் அவன் பெயருக்குத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கொஞ்சம் கட்டைக் குரலில் நான்தான் "உள்ளேன் ஐயா" சொல்வேன். இரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட மாட்டிக்கொண்டதில்லை.

பெயர்களை வரிசைப்படி ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தது நான்தான். போனவர்களின் பெயர்களை விடுவதா சேர்ப்பதா என்று தெரியாமல் அப்படியே எழுதிவிட்டேன். ஐயா மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு வாசித்தார். முதல் பத்துப் பெயர்களுக்கு ஒரே சிரிப்பு. தவக்களை கீச்சுக் குரலில் சொன்னான், பேரன் கை தட்டினான். இறந்துபோன ஒருத்தன் பெயர் வந்தபோது யாரோ, "இல்ல ஐயா" என்றார்கள். ஐயா ஒரு சின்னக் கோடு போட்டார். பிறகு இரண்டு சண்முகங்கள். அப்புறம் என் பெயர். சொன்னேன். அதற்கு அடுத்தது அவன் பெயர்.

தொண்டையைக் கனைத்தது எனக்குத் தெரியும். சொன்னது எனக்குத் தெரியாது. "உள்ளேன் ஐயா" என்று மண்டபத்தில் கேட்டது, அவ்வளவுதான். அதே கட்டைக் குரல்.

ஐயா தலையைத் தூக்கவில்லை. "அப்பவும் நீதாம்ல சொல்லுவ" என்று நோட்டைப் பார்த்தே சொன்னார். டிக் போட்டார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

ஆகவே வருகைப் பதிவு வைத்தே தீர வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால் அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு வையுங்கள். நாங்கள் முன்னால் வைத்துவிட்டோம். 50 இலைக்குச் சொன்னதில் 18 இலைச் சாப்பாடு அப்படியே மிஞ்சிவிட்டது.